உங்களுக்குத் தெரியுமா? ‘பேங்க்’ ஒன்று, பொருள் பல

கொல்லிமலைக்குக் கிளம்பும் குடும்பத்தின் கைப்பையில் பவர் பேங்க் இருக்கும். அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சாலை ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பொறியாளர்கள் பேங்க்கிங் என்பார்கள். பணம் எடுக்கப் போவதும் பேங்க்தான். வாசலூர்பட்டி படகு இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மலை உழவர்களிடம் பேசினால், சாமை, தினை விதைகளைக் காக்கும் விதை வங்கி பற்றிச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே நாலெழுத்துச் சொல். உயர்ந்து நிற்பது, சேர்த்து வைப்பது என்ற இரண்டு கருத்துகளைப் பிடித்துக்கொண்டால் அந்தச் சொல்லின் பெரும்பாலான பொருள்கள் விளங்கிவிடும்.

பெஞ்சும் பேங்க்கும் உறவு

பழைய ஜெர்மானிய மொழிகளில் மேட்டையும் உட்காரும் பலகையையும் குறித்த வேர்ச்சொல் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தின் ‘பெஞ்ச்’ அதிலிருந்து வந்தது. ஆற்றங்கரையைக் குறிக்கும் ‘பேங்க்’ ஸ்காண்டிநேவிய மொழிகள் வழியாக வந்தது. இத்தாலிய நகரங்களில் நாணயம் மாற்றிக் கொடுத்தவர்கள் பலகை போட்டு வியாபாரம் செய்தார்கள். அந்தப் பலகைக்கு ‘பாங்கா’ என்று பெயர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் அது பிறகு நுழைந்து, பணம் புழங்கும் பேங்க் ஆனது. வந்த வழி வேறு என்றாலும் கரைக்கும் காசுக்கும் வேர் ஒன்றுதான்.

திவாலுக்கும் விருந்துக்கும் அதே பலகை

திவாலானவரைக் குறிக்கும் ‘பேங்க்ரப்ட்’ என்ற சொல் இத்தாலியின் ‘பாங்கா ரோத்தா’விலிருந்து வந்தது. ‘உடைந்த பலகை’ என்பது அதன் பொருள். ஹோட்டல்களில் நிச்சயதார்த்தத்துக்கும் வரவேற்புக்கும் நாம் பிடிக்கும் பேங்க்வெட் ஹாலின் பெயரும் இதே குடும்பம். சின்ன பெஞ்சைக் குறித்த சொல், அதில் அமர்ந்து உண்ணும் விருந்துக்கு ஆகிவந்தது.

நகைக்கடையிலும் வங்கி உண்டு

பெண்கள் புஜத்தில் அணியும் வளைந்த அணிக்கும் தமிழில் ‘வங்கி’ என்றே பெயர். மணப்பெண் அலங்காரத்திலும் பரதநாட்டிய மேடையிலும் அதை இன்றும் பார்க்கலாம். நடுவில் கூர்மையாக வளைந்து இறங்கும் மோதிரத்தை வங்கி மோதிரம் என்கிறோம். பணம் போடும் வங்கி, ஆங்கிலச் சொல்லின் ஒலியை ஒட்டித் தமிழுக்கு வந்தது. இரண்டுக்கும் ஒலி ஒன்று என்பதைத் தவிர உறவில்லை.

1904: கும்பகோணமும் காஞ்சிபுரமும்

இன்றைய சிட்டி யூனியன் வங்கி 1904-ல் ‘கும்பகோணம் வங்கி’யாகத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவின் முதல் நகர்ப்புறக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவானது. பெரிய துறைமுக நகரங்களில் ஆங்கிலேயர் நடத்திய வங்கிகள் இருந்த காலத்தில், கோயில் நகரங்களிலிருந்து நம்மவர்கள் இப்படித் தொடங்கினார்கள்.

பிறகு கரூரில் 1916-ல் வைஸ்யா வங்கியும், தூத்துக்குடியில் 1921-ல் நாடார் வங்கியும் வந்தன. நாடார் வங்கிதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

ஒரு வீழ்ச்சியிலிருந்து எழுந்த வங்கி

1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலானது. அதை நம்பிச் சேமிப்பைக் கொடுத்திருந்த ஏராளமான குடும்பங்கள் நிலைகுலைந்தன. அந்த வழக்கில் வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நம்மவர்களே நடத்தும் ஒரு வங்கிக்கு ஆதரவு திரட்டினார். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது. நாடு விடுதலை பெறுவதற்குச் சரியாக 40 ஆண்டுகளுக்கு முன்பு!

ஒரே நாளில் மூன்று ஊர்

மு.சி.த.மு. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. நகரத்தார் தொழில் கடல் தாண்டிப் பரவியிருந்ததற்கு அந்த மூன்று ஊர்ப் பெயர்களே சாட்சி. 1969 ஜூலை 19 அன்று அரசுடைமையான 14 வங்கிகளில் இதுவும் இந்தியன் வங்கியும் இருந்தன.

சேலத்தில் தலைமையகம்

பல்லவன் கிராம வங்கியும் பாண்டியன் கிராம வங்கியும் இணைந்து 2019 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. தலைமையகம் சேலத்தில் இருக்கிறது.

இடக்கரை எது, வலக்கரை எது?

ஆற்றின் இடம், வலத்தைச் சொல்ல ஒரு விதி உண்டு. நீர் ஓடும் திசையைப் பார்த்து நில்லுங்கள். இடக்கைப் பக்கம் இருப்பது இடக்கரை, வலக்கைப் பக்கம் இருப்பது வலக்கரை. நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூரும் மோகனூரும் காவிரியின் இடக்கரையில் இருக்கின்றன. எதிரே கரூர் மாவட்டம் இருப்பது வலக்கரை. அக்கரை, இக்கரை என்று சொன்னால் பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். இடக்கரை, வலக்கரை மாறுவதில்லை. அதனால்தான் அணை, கால்வாய் ஆவணங்களில் இந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறார்கள்.

எல்லாக் கரையும் பேங்க் ஆகாது

ஆற்றங்கரை ஆங்கிலத்தில் பேங்க். ஏரிக்கும் கடலுக்கும் பெரும்பாலும் ‘ஷோர்’. மண்ணைக் கொட்டி மனிதர் எழுப்பிய ஏரிக்கரை இந்திய ஆங்கிலத்தில் ‘பண்ட்’. ஹைதராபாத்தின் டேங்க் பண்ட் சாலைக்குப் பெயர் வந்தது இப்படித்தான். தமிழில் அத்தனையும் ‘கரை’க்குள் அடங்கிவிடும்.

‘வெஸ்ட் பேங்க்’ ஒரு வங்கி அல்ல

பாலஸ்தீனச் செய்திகளில் வரும் ‘வெஸ்ட் பேங்க்’ ஜோர்டான் ஆற்றின் மேற்குக் கரை. தமிழ் நாளிதழ்கள் ‘மேற்குக் கரை’ என்று சரியாகவே எழுதுகின்றன. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் இயந்திரத்துக்கு இந்த இடம் சிக்கலானது. அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்துத்தான் கரையா, காசா என்று முடிவு செய்ய முடியும். 2018-ல் கூகுள் வெளியிட்ட ‘பெர்ட்’ என்ற மொழி மாதிரியை விளக்கும்போதும், வங்கிக் கணக்கையும் ஆற்றங்கரையையும் குறிக்கும் இந்த ஒரே சொல்லைத்தான் எடுத்துக்காட்டாகத் தந்தார்கள்.

கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரு பேங்க்

கடலடியில் மேடாக எழுந்து நிற்கும் பரப்பும் ஆங்கிலத்தில் பேங்க். சுற்றியுள்ள ஆழ்கடலைவிட அங்கே ஆழம் குறைவு. வெளிச்சமும் சத்துகளும் சேருவதால் மீன் வளம் பெருகும். கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள ‘வாட்ஜ் பேங்க்’ அப்படிப்பட்ட இடம். இந்தியாவும் இலங்கையும் 1976 மார்ச்சில் செய்துகொண்ட உடன்பாட்டின்போது அது இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் வருவதாக ஏற்கப்பட்டது.

முத்துக் குளித்தவர்கள் சொன்ன பெயர்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளைந்த கடலடி மேடுகளை ஆங்கிலேய ஆவணங்கள் ‘பேர்ல் பேங்க்’ என்கின்றன. தூத்துக்குடிக் கடலோடிகளுக்கு அது ‘பார்’. தொள்ளாயிரம் பார் என்பது அங்கே பெயர் பெற்ற முத்துப்பார்களில் ஒன்று. தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல்.

கொண்டை ஊசி வளைவின் கணக்கு

வளைவில் திரும்பும் வண்டியை உட்பக்கமாக இழுத்துப் பிடிக்க ஒரு விசை வேண்டும். சமதளச் சாலையில் டயரின் உராய்வு மட்டுமே அதைத் தருகிறது. சாலையின் வெளிவிளிம்பை உயர்த்தினால் வண்டியின் எடையில் ஒரு பங்கும் அந்த வேலையைச் செய்யும். இதுதான் பள்ளி இயற்பியலில் வரும் ‘பேங்க்கிங்’.

மலைச்சாலைக்கான இந்திய சாலை காங்கிரஸ் விதிகளின்படி, கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர், சாய்வு அதிகபட்சம் 10-க்கு 1. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஆரத்தில், அந்த வேகத்தில், உராய்வே இல்லாமல் திரும்ப வேண்டுமானால் 10-க்கு 2¼ அளவுக்குச் சாய்வு வேண்டும். சாலை தருவது அதில் பாதிக்கும் குறைவு. மிச்சத்தை டயர்தான் தாங்க வேண்டும். சாய்வை இன்னும் கூட்டலாமே என்றால், பாரம் ஏற்றி மெதுவாக ஏறும் லாரி உட்பக்கமாகச் சரியும்.

வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் விசை 4 மடங்காகும். மழையில் உராய்வும் குறையும். கொல்லிமலையில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள் என்று ஓட்டுநர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

விமானமும் சாய்ந்துதான் திரும்பும்

விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்புவதற்கும் பேங்க் என்று பெயர். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் உள்ளே இருப்பவர் தம் எடை இரு மடங்கானதாக உணர்வார். பயணிகள் விமானங்கள் வழக்கமாக 30 டிகிரிக்குள்ளேயே சாய்வதால் நமக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை.

சிகாகோவில் பிறந்த ‘பிளட் பேங்க்’

1937-ல் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் ரத்தத்தைச் சேமிக்கும் பிரிவைத் தொடங்கிய டாக்டர் பெர்னார்ட் ஃபாண்டஸ், அதற்கு ‘பிளட் பேங்க்’ என்று பெயர் வைத்தார். போடுவது, எடுப்பது, இருப்பு என்று பண வங்கியின் சொற்கள் எல்லாமே அங்கேயும் பொருந்தின. ஆனால் இந்த இருப்புக்கு ஆயுள் குறைவு. வழக்கமான பாதுகாப்புக் கரைசலில் முழு ரத்தம் 35 நாள் தாங்கும். தட்டணுக்களுக்கு 5 நாள்தான். அதனால்தான் கொடையாளர்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம்.

இந்தியாவின் முதல் கண் வங்கி எழும்பூரில்

1945-ல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா தொடங்கிய கண் வங்கிதான் நாட்டிலேயே முதலாவது. இறந்தபின் 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர் ஆகியோரும் கொடுக்கலாம். இறந்தவரின் இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு உடனே கண் வங்கிக்குத் தகவல் சொல்ல வேண்டும். துக்க வீட்டில் யாராவது ஒருவர் இதை நினைவு வைத்திருந்தால் போதும், இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்க வழி உண்டு.

தாய்ப்பால் வங்கி

1989-ல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஆசியாவிலேயே முதலாவது. தானமாகப் பெற்ற பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, கிருமி நீக்கி, உறைய வைக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு அது உயிர்காக்கும் உணவு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இன்று இந்த வங்கிகள் உண்டு.

‘ஓட்டு வங்கி’ யார் வைத்த பெயர்?

தேர்தல் மேடைகளில் தினமும் ஒலிக்கும் ‘வோட் பேங்க்’ என்ற தொடரை அறிமுகம் செய்தவர் சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ். மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றைப் பற்றி 1955-ல் வெளியான கட்டுரையில் அதை எழுதினார். ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் தம்மைச் சார்ந்தவர்களின் வாக்குகளைச் சேர்த்து வைத்திருப்பதை அது குறித்தது.

பவர் பேங்க்கும் பேட்டரி பேங்க்கும்

ஒரே வகைக் கருவிகளை வரிசையாக அடுக்கி இணைத்தாலும் பேங்க்தான். துணைமின் நிலையத்தில் கெப்பாசிட்டர் பேங்க், செல்போன் கோபுரத்தின் அடியில் பேட்டரி பேங்க். பழங்கால மரக்கலங்களில் துடுப்பு வரிசைக்கும் இதே பெயர். கையில் வைத்திருக்கும் பவர் பேங்க்கை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணி.

நெருப்பையும் பேங்க் செய்யலாம்

இரவில் தணலைக் குவித்து, மேலே சாம்பல் போட்டு மூடி, விடிந்ததும் ஊதிப் பற்றவைப்பதை ஆங்கிலத்தில் நெருப்பை ‘பேங்க்’ செய்வது என்பார்கள். காற்று படுவது குறைவதால் தணல் மெல்லக் கனிந்து நெடுநேரம் தாங்கும். நம் ஊரில் நீறு பூத்த நெருப்பு என்பது அதுதான்.

பேங்க்கையும் மிஞ்சிய சொற்கள்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள்கள். பிறகு நடந்த திருத்தத்தில் ‘ரன்’ என்ற வினைச்சொல் 645 பொருள்களோடு முந்திவிட்டது. இயந்திரம், கடை, தேர்தல், ஆறு, மூக்கு என எல்லாம் ஆங்கிலத்தில் ‘ரன்’ ஆகின்றன.

பனி மலைக்குள் உலகத்தின் விதைகள்

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் மலைக்குள் 100 மீட்டருக்கும் மேல் குடைந்து அமைத்த உலக விதைப் பெட்டகம் 2008 பிப்ரவரி 26 அன்று திறக்கப்பட்டது. வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. 45 லட்சம் விதை மாதிரிகளுக்கு இடம் உண்டு. 2015-ல்தான் முதல்முறையாக அங்கிருந்து விதை வெளியே வந்தது. சிரியாவின் அலெப்போவில் இருந்த ஆராய்ச்சி மையத்தின் விதைகள் போரால் கைக்கு எட்டாமல் போனபோது, இங்கே போட்டுவைத்ததை எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். பெருகியதில் ஒரு பங்கைத் திருப்பிச் செலுத்தவும் செய்தார்கள்.

பசியிலும் தொடாத விதைகள்

இரண்டாம் உலகப்போரில் லெனின்கிராட் நகரம் 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை முற்றுகையில் இருந்தது. அங்கே தாவர விஞ்ஞானி வாவிலோவ் திரட்டிய பயிர் விதைக் களஞ்சியத்தைக் காத்த விஞ்ஞானிகளில் பலர் பட்டினியால் இறந்தார்கள். சுற்றிலும் மூட்டை மூட்டையாக அரிசியும் கோதுமையும் பயறும் இருந்தன. வரும் தலைமுறையின் விதை என்று அவற்றைத் தின்னாமல் காத்தார்கள்.

கொல்லிமலையின் விதை வங்கி

இந்த மலையின் சிறுதானிய ரகங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. சாமையில் மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலசாமை, வெள்ளைப்பெருஞ்சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, கோரந்தினை, மூக்காந்தினை, பாலாந்தினை. கேழ்வரகில் சுருட்டைக் கேழ்வரகு. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தொம்பை, குதிர் என்ற தானியக் கலன்களில் போட்டு வைத்து, ஆண்டுதோறும் விதைத்துக் காத்தவை இவை.

ஏன் குறைந்தன? சேலம், நாமக்கல் பகுதி சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு வேண்டியிருந்தது. காசு கையில் வந்ததால் சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. சாமையையும் தினையையும் உரலில் போட்டு உலக்கையால் குத்தி உமி நீக்குவது பெண்களுக்குப் பெரும் உடலுழைப்பு. ரேஷன் அரிசி எளிதாகக் கிடைத்தது.

1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே உழவர்களோடு சேர்ந்து சமுதாய விதை வங்கிகளை உருவாக்கியது. உமி நீக்கும் இயந்திரங்களும் மலைக்கு வந்தன. இத்தகைய வங்கிகளில் விதையைக் கடனாக வாங்கியவர், அறுவடைக்குப் பின் வாங்கியதைவிடக் கூடுதலாக விதையாகவே திருப்பித் தருவார். பல இடங்களில் அது இரு மடங்கு. அங்கே வட்டியும் விதைதான்.

இருப்பைச் சோதிக்கும் முறை

பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். விதைக்கு அது ஆகாது. மைனஸ் 18 டிகிரி குளிர் இல்லாத மலை வீட்டில், சில ஆண்டுகள் விதைக்காமல் விட்டால் முளைக்கும் திறன் போய்விடும். ஆகவே விதை வங்கிக்கு உண்மையான பெட்டகம் வயல்தான். ஆண்டுதோறும் மண்ணில் இறங்கும் விதை, மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளவும் செய்கிறது. குளிர்ப் பெட்டகத்தில் உறங்கும் விதைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வீட்டில் வைத்திருக்கும் விதை உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். 100 விதைகளை எண்ணி எடுங்கள். ஈரத்துணியில் இடைவெளி விட்டுப் பரப்பிச் சுருட்டுங்கள். நிழலில் வைத்து, துணி காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்து, நன்றாக முளைத்தவற்றை எண்ணுங்கள். சிறுதானியங்களில் சான்று விதைக்குக் குறைந்தது 75 முளைக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால், அந்த ரகத்தை இந்தப் பருவத்திலேயே விதைத்துப் புதுப்பிப்பது நல்லது.

விதைக்காதவர்களும் இதில் பங்கெடுக்கலாம். வாங்குபவர் இருந்தால்தான் மலையில் சாமை விதைப்பவர் இருப்பார். அடுத்த முறை வாசலூர்பட்டி வரை போனால், திரும்பும் வழியில் சோளக்காடு சந்தையில் மிளகும் அன்னாசியும் வாங்கும் கையோடு, மலையில் விளைந்த சாமை அரிசியும் தினையும் கேட்டு வாங்குங்கள். எந்த ரகம் என்று பெயரையும் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்பவர்கள் பெருகினால், அந்த ரகத்தை அடுத்த ஆடிக்கும் விதைக்க உழவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.